ஆற்றங்கரையிலிருந்து வந்த சீர்

எனக்கு ஒரு தம்பி இருக்கிறான் என்று நான் சொன்னபோது எங்கள் சொந்தக்காரர்கள் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். அதை வாய்விட்டுச் சொன்னேனே, அதுதான் அவர்களுக்குப் பொறுக்கவில்லை.

என் அப்பா நாகலாபுரம் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். இளவயதில் பர்மாவுக்குப் போய், மண்டலே பக்கம் பலசரக்குக் கடையில் சேர்ந்து, பிறகு சொந்தக் கடை போட்டவர். இங்கே அம்மாவும் நானும். அங்கே இன்னொரு மனைவியும் ஒரு மகனும். அறுபதுகளில் அந்த நாட்டு அரசாங்கம் கடைகளையெல்லாம் எடுத்துக்கொண்டபோது, கட்டிய வேட்டியோடு கப்பலேறித் திரும்பி வந்தார். மகனுக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். வந்தவர் பர்மா என்ற சொல்லை அப்புறம் வாயில் எடுக்கவே இல்லை. அம்மாவும் சாகிறவரை கேட்கவில்லை. கேட்காததால் அவளுக்கு வருத்தம் இல்லை என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. என்னிடம் ஒரே ஒருமுறை சொன்னாள்: "அவளும் என்னைய மாதிரி காத்துக் கெடந்தவதான. அவள ஏசி எனக்கு என்ன ஆகப்போவுது?"

எண்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆனி மாதம் என் மகள் பெரியவளானாள். நான் அப்போது கோவில்பட்டியில் ஒரு பெண்கள் பள்ளியில் புவியியல் டீச்சர். வீட்டுக்காரர் பஞ்சாலையில் ஃபிட்டர். தகவல் போன அன்றைக்குச் சாயங்காலமே நாகலாபுரத்திலிருந்து என் பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, அப்பாவையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். பெண் தனியே இருக்கக் குச்சு கட்டத் தென்னோலை சொல்லியாச்சு என்றார்.

எங்கள் பக்கம் பெண் பெரியவளானால் தாய்மாமன்தான் குச்சு கட்ட வேண்டும், தாய்மாமன்தான் சடங்குக்குச் சீர் கொண்டுவர வேண்டும். அவர் கொண்டுவந்ததைத்தான் பெண் உடுத்திச் சபையில் உட்கார வேண்டும். கூடப் பிறந்தவன் இல்லாவிட்டால் பங்காளி வீட்டு அண்ணன் அந்த இடத்தில் நிற்கலாம். ஆனால் சும்மா நிற்க மாட்டார். மாமனாக நின்றவரின் மகனுக்குப் பெண்ணைக் கட்டிக்கொள்ளும் முறை உண்டு. அண்ணனுக்கு ஒரு மகன் இருந்தான். அப்பாவின் நிலத்தை ஏற்கெனவே அண்ணன்தான் உழுதுகொண்டிருந்தார். மாமனாக ஒருதரம் நின்றுவிட்டால் என் மகளும் அந்த நிலமும் ஒரே வண்டியில் அவர் வீட்டுக்குப் போய்விடும். என் மகளுக்கோ கணக்கு நன்றாக வரும். அவளைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டும் என்று நான் அவள் பிறந்த அன்றே தீர்மானித்திருந்தேன்.

"ஒனக்குத்தான் கூடப் பொறந்தவன் இல்லையே தங்கச்சி. நான்தான நிக்கணும்" என்றார் அண்ணன்.

"எனக்குத் தம்பி இருக்கான்" என்றேன்.

அப்பா அங்கேதான் நாற்காலியில் இருந்தார். கையிலிருந்த பேப்பரை மடித்தார். திரும்ப விரித்தார்.

"எங்கன இருக்கான்?"

"பர்மாவுல."

"அவன் வந்து நிப்பானாக்கும்?"

"அவன் வராட்டி சீரு வரும்."

கோபத்தில் சொன்னது. அவன் உயிரோடு இருக்கிறானா என்றுகூட எனக்கு அப்போது தெரியாது. ஆனால் சொன்ன சொல்லைத் திருப்பி விழுங்குகிற வழக்கம் எனக்கு இல்லை. அண்ணனைக் குச்சு கட்ட விடவில்லை. பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றிப் பிள்ளையை வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டு, சடங்கைத் தை மாதத்துக்குத் தள்ளினேன்.

அப்பாவின் தகரப் பெட்டியில் வெளிநாட்டு ஸ்டாம்பு ஒட்டிய கடிதங்கள் கிடப்பது எனக்குத் தெரியும். அப்பாவுக்கு பர்மியம் பேச வருமே தவிர வாசிக்க வராது. வாசிக்கச் சொல்லி யாரிடமும் காட்டவும் இல்லை. வருஷத்துக்கு ஒன்றாக வந்தவற்றைப் பிரிக்காமலே அடுக்கி வைத்திருந்தார். நாகலாபுரம் போய், அவர் குளிக்கப் போன நேரத்தில் மேலாக இருந்த ஒன்றை எடுத்துக்கொண்டேன். திருட்டுத்தான். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் பர்மாவிலிருந்து வந்த ஒருவர் டீக்கடை வைத்திருந்தார். அவர் வாசித்துச் சொன்னார்: மகன் துறவியாகிவிட்டான், ஆற்றங்கரையில் பழைய தேக்கு மடத்தில் இருக்கிறான், அவன் அம்மா ஊரிலேயே சுகம். அவ்வளவுதான். வா என்றும் இல்லை, ஏன் வரவில்லை என்றும் இல்லை.

பாஸ்போர்ட்டுக்கு அலைந்த கதையும் வளையல் விற்ற கதையும் வேண்டாம். பள்ளியில் சுற்றுலா என்று எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "போகாதன்னா நிக்கவா போற" என்றார். அரையாண்டு விடுமுறையில் கல்கத்தா போய் அங்கிருந்து விமானம் ஏறினேன். அந்த நாட்டில் ஏழு நாள்தான் இருக்க விடுவார்கள். தலைநகரில் இறங்கி அன்றைக்கே மண்டலே ரயிலைப் பிடித்தேன்.

விடிந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வந்தது. பனை, முள்ளுமரம், எள்ளு, பருத்தி. விளாத்திகுளம் பஸ்ஸில் போகிற மாதிரியே இருந்தது. அப்பா கடல் தாண்டிப் போய் இன்னொரு நாகலாபுரத்தில்தான் குடியிருந்திருக்கிறார். ஒன்றே ஒன்றுதான் வித்தியாசம். அங்கே தண்ணீர் ஓடுகிற ஆறு இருந்தது.

ஐராவதியைப் பதினைந்து வருஷமாக நீலச் சாக்பீஸால் கரும்பலகையில் வரைந்தவள் நான். கரையில் போய் நின்றபோது கோபம்தான் வந்தது. மார்கழி, தண்ணீர் வற்றிய காலம் என்றார்கள். வற்றிய தண்ணீரே எதிர்க்கரை தெரியாமல் போய்க்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். இது யார் கேட்டும் கேட்காமலும் சும்மா போகிறது.

மண்டலேயில் தமிழ்க் கடைக்காரர் ஒருவர் எனக்குத் துணைக்கு வந்தார். அவருடைய பாட்டனார் ஓட்டப்பிடாரத்துக்காரர். அவர் அந்த ஊரைப் பார்த்ததில்லை. படகில் ஆற்றைக் கடந்து, குதிரை வண்டியில் ஏறி, மணல்திட்டுக் கிராமங்கள் வழியாகப் போனோம். மூங்கில் பாய் அடைத்த வீடுகள் கால் ஊன்றி நின்றன. வெள்ளம் வந்தால் வீட்டைக் கழற்றி மேட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி கட்டிக்கொள்வார்களாம். வற்றிய இடத்தில் நிலக்கடலை போட்டிருந்தார்கள். மரத்துக்கு மரம் பரண் கட்டி, மூடி போட்ட மண்பானையில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர் வைத்திருந்தார்கள். ஆறு பக்கத்தில் ஓடும்போதே பானையில் தண்ணீர் வைக்கிறார்களே என்று எனக்குக் கொஞ்சம் கோபம் தணிந்தது.

மடம் முழுக்கத் தேக்கு. ஒரு தூணை நான் கட்டிப்பிடித்தால் கை எட்டாது. வெயில் மழைக்காக மண்ணெண்ணெய் மாதிரி ஏதோ எண்ணெய் பூசிப் பூசிக் கறுத்துப் போயிருந்தது. கதவில் மயிலும் கொடியும் செதுக்கியிருந்தார்கள். உள்ளே இருட்டு, பலகைத் தரை பாதத்துக்குக் குளிர்ச்சியாக இருந்தது. சின்னத் துறவிகள் எங்கோ கூட்டமாகப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். புத்தர் சிலைக்கு முன் ஒரு மேடை, அதன் ஓரத்தில் ஒரு பலகை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.

"மேடையில பொம்பளைக ஏறக்கூடாதுன்னு போட்டிருக்கும்மா" என்றார் கடைக்காரர்.

"இதப் பாக்கவா இம்புட்டுத் தூரம் வந்தேன்? இந்தப் பலகை எங்க ஊர்லயே இருக்கே" என்றேன். அவர் பயந்து சுற்றுமுற்றும் பார்த்தார்.

தம்பி வந்தான். மொட்டைத் தலை, செங்காவி, முப்பது வயது. கடைக்காரர் தரையில் விழுந்து மூன்று முறை கும்பிட்டார். என்னையும் விழச் சொன்னார். நான் நின்றேன். தம்பி காலில் அக்கா விழுகிற வழக்கம் கரிசல்காட்டில் கிடையாது, இனிமேலும் வராது. கடைக்காரர் நான் யாரென்று சொன்னார். தம்பி என்னையே பார்த்தான். பிறகு, பல வருஷமாகத் திறக்காத அலமாரியில் துழாவுகிறவன்போல ஒவ்வொரு சொல்லாக எடுத்தான்.

"அக்கா. வாங்க. இரிங்க."

அப்பாவின் கடையில் சின்ன வயதில் அவன் கேட்ட தமிழ். எங்கள் ஊர்ப் பேச்சு அப்படியே. அழுதுவிடுவேனோ என்று பயந்து, கைப்பையிலிருந்து கோவில்பட்டிக் கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து அவன் முன்னால் நீட்டினேன். "தின்னு" என்றேன்.

அவன் கை மடியிலேயே இருந்தது.

"தின்னுப்பா. நம்ம ஊரு மிட்டாயி."

தலையை ஆட்டினான். வேண்டாம்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. எங்கள் பக்கம் கை நனைக்க மாட்டேன் என்றால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். பகையாளி வீட்டில்தான் அப்படி உட்கார்ந்திருப்பார்கள். எல்லாவற்றையும் விற்று, கடல் தாண்டி, கூடப் பிறந்தவன் என்று தேடி வந்தால் அவன் என் கையால் ஒரு கடலைமிட்டாய் தின்ன மாட்டானாம்.

"ஒறவு வேண்டாம்னா நேராச் சொல்லு, நான் அடுத்த படகுல போறேன். அப்பன் செஞ்சதுக்கு நான் என்ன செய்வேன்? எங்கம்மாவும்தான் காத்துக் கெடந்து செத்தா" என்று அந்த மடத்துக்குள் சத்தம் போட்டேன். பாடம் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள்.

கடைக்காரர் கையைப் பிசைந்தார். "அம்மா, மத்தியானம் தாண்டியாச்சு. உச்சிப் பொழுதுக்கு மேல துறவிக எதுவும் திங்க மாட்டாவ. யார் குடுத்தாலும் திங்க மாட்டாவ. அதாம்மா விஷயம்."

கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டரை மணி. உலகத்து நாடுகளின் நேரமெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு இது தெரியவில்லை. பொட்டலத்தை மடித்தேன். தம்பிக்கு நான் கத்தியது எவ்வளவு புரிந்ததோ, கடைக்காரர் எவ்வளவு சொன்னாரோ. அவன் மட்டும் மெதுவாகச் சொன்னான்: "நாளைக்கு. காலைல. வீட்டுக்கு வாரேன்."

வீடு என்றது அவன் அம்மாவின் வீட்டை. அடுத்த கிராமம். வெளிநாட்டுக்காரர்கள் பதிவு செய்த விடுதியில்தான் தங்க வேண்டும் என்பது அங்கே சட்டம். "எனக்குப் பிள்ளகுட்டி இருக்கும்மா. காலைல மொதப் படகுல வாரேன்" என்று கடைக்காரர் கிளம்பிவிட்டார். நான் சட்டத்தை மீறித் தங்கினேன். பிடித்தால் என்ன செய்வார்கள், ஊருக்கு அனுப்புவார்கள். நானும் ஊருக்குத்தானே போகப்போகிறேன்.

அந்த அம்மா குட்டையாக, கன்னத்தில் சந்தனம் மாதிரி ஒரு மரப்பட்டைக் குழம்பு பூசி, வாயில் பெரிய சுருட்டோடு இருந்தாள். அவளுக்கும் எனக்கும் பொதுவான பாஷை கிடையாது என்றுதான் நினைத்தேன். ஆனால் அவள் வாயைத் திறந்ததும் அசந்துபோனேன். "ஏட்டி, இரி" என்றாள். குழம்பை ஊற்றி, "உப்பு இல்ல, சவம்" என்றாள். அப்பாவிடமிருந்துதான் அவள் தமிழ் கற்றிருக்கிறாள், அப்பா அவளிடம் பேசியது இவ்வளவுதான் போலும். அவருடைய ஏச்சையெல்லாம் உபசாரம் என்று நினைத்து எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரிப்பதா, அந்த மனிதரைத் தேடிப்போய்ச் சண்டை போடுவதா என்று தெரியாமல் சாப்பிட்டேன். பிறகு என்னைச் சுட்டி, "அம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று கையை விரித்தேன். சுருட்டைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். ரொம்ப நேரம் விடவில்லை.

விடியற்காலை தெருவில் துறவிகள் வரிசையாக வந்தார்கள். வெறுங்கால், குனிந்த தலை, கையில் கறுப்புக் கலயம். ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் சோறு போட்டார்கள். நாலாவதாக என் தம்பி வந்து எங்கள் முன்னால் நின்றான். கூடப் பிறந்தவன் என் முன்னால் பிச்சைக் கலயத்தோடு நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவன் அம்மா முகத்திலோ அத்தனை சந்தோஷம். அவள் சோற்றைப் போட்டாள். அதன் மேல் நான் கடலைமிட்டாயை வைத்தேன். அவன் நிமிர்ந்தும் பார்க்கவில்லை, நடந்துவிட்டான்.

காலையில் கடைக்காரர் வந்ததும் நாங்கள் மூவரும் மடத்துக்குப் போனோம். அவன் அம்மா மகன் காலில் விழுந்து கும்பிட்டாள். அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி சாப்பிட உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்துவிட்டு, கலயத்திலிருந்து கடலைமிட்டாயை எடுத்துக் கடித்தான். அந்த அமைதியில் கடுக்மொடுக்கென்று கேட்டது. ஒரு துண்டு மிச்சமில்லாமல் தின்று முடித்தான்.

"அக்கா, தின்னாச்சு" என்றான்.

அப்போதுதான் அழுதேன். அழுது முடித்து, வந்த காரியத்தைச் சொன்னேன். மகள், சடங்கு, அண்ணன், அண்ணன் மகன், எல்லாம். கடைக்காரர் மொழிபெயர்க்க அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு தன் முன்னால் இருந்ததைக் காட்டினான். உடுத்திய காவி, கலயம், ஊசி, சவரக் கத்தி. "எங்கிட்ட ஒண்ணும் இல்ல" என்றான். அம்மாவிடம் ஏதோ சொன்னான். அவள் எழுந்து வீட்டுக்குப் போய் ஒரு பட்டு கொண்டுவந்தாள். அங்கத்துப் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்கிற இரண்டு கஜத் துணி. ரோஸ் நிறத்தில் அலை அலையாக நெய்திருந்தது. வரப்போகிற மருமகளுக்கு என்று வாங்கி வைத்ததாம். மகன் துறவியான பிறகு பெட்டியிலேயே கிடந்திருக்கிறது. தம்பி அதைப் பார்த்து ஏதோ ஓதினான். "மாமன் குடுத்ததுன்னு சொல்லுங்க" என்றான்.

என் மகளைப் பற்றிக் கேட்டான், என் வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டான், மழை உண்டா என்று கேட்டான். வேறு எதுவும் கேட்கவில்லை.

தை மாதம் சடங்கு. அண்ணன் விடவில்லை. மேளத்தோடு ஏழு தட்டுச் சீர் எடுத்துக்கொண்டு கோவில்பட்டியில் என் வாசலுக்கே வந்துவிட்டார். நான் அவருக்கு முன்னால் என் தட்டைக் கொண்டுபோய் மகள் முன்னால் வைத்தேன். தேங்காய், பழம், மேலே அந்தப் பட்டு. எங்கள் பக்கத்தில் கைலியைச் சாரம் என்போம்.

"ஏட்டி, சாரத்தையா சீருன்னு கொண்டாந்திருக்க?" என்றாள் ஒரு சித்தி.

"பட்டு சித்தி. தொட்டுப் பாருங்க."

"ஊரு சிரிக்கும் தங்கச்சி" என்றார் அண்ணன்.

"சிரிக்கட்டும் அண்ணே. எங்கம்மா அழுதப்ப ஒருத்தரும் வரல. சிரிக்கதுக்காவது வரட்டும்."

"பண்டாரத்துக்கு ஏது மருமவ, ஏது சீரு?" என்றார் அவர்.

"பண்டாரமா இருக்கதுதான் நல்லது. அவனுக்குப் பிள்ளை கெடையாது. மொறை கேட்டு யாரும் எம்மவ முன்னால வந்து நிக்க மாட்டாவ" என்றேன். பெண்கள் பக்கம் யாரோ சிரித்துவிட்டார்கள்.

சபையில் சீர் சொல்லுகிற பெரியவர் தொண்டையைச் செருமினார். தாய்மாமன் எந்த ஊர், யார் மகன் என்று சொல்லித்தான் சீரை ஏற்க வேண்டும். "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "யாரு மகன்?" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள். அவர் தன் கால்விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து எண்ணுகிற நேரம் காத்திருந்தேன்.

"இந்தா இருக்காவளே, இவிய மகன்" என்றேன்.

இல்லை என்று அவர் சொல்லவில்லை. சபைக்கு அது போதும். அண்ணன் தட்டுகளைத் திருப்பி எடுத்துக்கொண்டு, இலையில் உட்காராமல் போனார். அப்பாவும் எழுந்து அவர் பின்னாலேயே போனார். என் மகள் அந்தச் சாரத்தைப் பாவாடையாகக் கட்டி, மேலே தாவணி போட்டுக்கொண்டு சபையில் உட்கார்ந்தாள். வழுக்கி வழுக்கி விழுகிறது என்று என் காதில் புகார் சொன்னாள். இறுக்கிப் பிடித்துக்கொள் என்றேன்.

பங்குனியில் ஒரு மத்தியானம், அப்பா தனியாக பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்தார். சடங்குக்குப் பிறகு பேச்சுவார்த்தை இல்லை. தண்ணீர் கொடுத்தேன். குடித்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். விசிறியைத் தேடினார். அப்புறம் சுவரைப் பார்த்துக் கேட்டார்:

"என்னையக் கேட்டானா?"

இந்த மாதிரி இடத்தில் எங்கள் ஊரில் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். கேட்டான், சுகமா இருக்காவளான்னு கேட்டான் என்று ஒரு வார்த்தை சொன்னால் கிழவர் நிம்மதியாகப் போய்விடுவார். நாக்கு நுனி வரை வந்தது. சபையில் அவர் பார்த்துக்கொண்டிருந்த கால்விரல் ஞாபகம் வந்தது. என் அம்மா ஞாபகம் வந்தது. அவருடைய ஏச்சை உபசாரமாக்கி எனக்குச் சோறு போட்டவளின் ஞாபகமும் வந்தது.

"கேக்கல" என்றேன்.

அப்பா தலையாட்டினார்.

"கேக்க மாட்டான். நான் பொறப்படும்போது அவன் தூங்கிட்டுக் கெடந்தான். எழுப்பாம வந்துட்டேன்."